கணக்கு யாருக்குச் சொந்தம்?

1882-ம் வருஷத்தில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் நிதி மெம்பராக இருந்த ஸர் ஈவ்லின் பேரிங், இந்தியப் பிரஜை ஒருவருடைய சராசரி வருமானம் வருஷத்துக்கு 27 ரூபாய்க்கு மேல் இராது என்று சொன்னார். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே தாதாபாய் நௌரோஜி அந்த வருமானத்தை 20 ரூபாய் என்று கணக்கிட்டிருந்தார். எது சரியென்று பரிசோதிக்க விரும்பிய நௌரோஜி, 27 ரூபாய் எவ்விதம் வந்தது என்ற விவரங்களைக் கேட்டார். அவை அவருக்குத் தரப்படவில்லை. தொகை பகிரங்கம்; தொகை வந்த வழி மட்டும் ரகசியம்!

நௌரோஜியின் 20 ரூபாயோ வேறெங்கிருந்தும் வந்ததன்று. சர்க்காரே அச்சிட்டு வெளியிட்ட மாகாண நிர்வாக அறிக்கைகளிலிருந்துதான் அவர் அதைத் திரட்டினார். அந்த அறிக்கைகளில் சராசரி போடப்பட்டிருந்த முறையே பிசகு என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒரு ஜில்லாவில் விளைச்சல் மிகுதி, விலை மலிவு. அடுத்த ஜில்லாவில் விளைச்சல் சொற்பம், விலை கிராக்கி. எங்கே எவ்வளவு விளைந்தது என்று பாராமல், இரண்டு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி என்று எழுதிவிட்டார்கள். பம்பாயைச் சேர்ந்த ஒரு தனி மனிதர் சாம்ராஜ்யத்தின் கணக்கைத் திருத்த முடிந்தது எதனால்? ஜில்லாவாரியான எண்களும் அந்த அறிக்கைகளிலேயே அச்சாகியிருந்ததனால்தான். சராசரி மாத்திரம் வெளியாகியிருந்தால் அவருடைய வாயும் அடைபட்டிருக்கும்.

இந்தப் பழைய சங்கதியை இப்போது நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சர்க்காரின் புள்ளி விவரங்களைப் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கொள்கையாகிவிட்டது. 2012-ல் மத்திய சர்க்கார் அதற்கென ஒரு கொள்கையை வகுத்து, பற்பல இலாகாக்களின் அட்டவணைகளை ஒரே வலைத்தளத்தில் வெளியிடத் தொடங்கினர். மழை அளவு, பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கை, பயிர் விஸ்தீரணம் என்று எவ்வளவோ அங்கே கிடைக்கிறது. நாம் அதைக் குறை கூற வரவில்லை. ஆராய்ச்சியாளருக்கும் பத்திரிகையாளருக்கும் அது பெரிய உபகாரமே. ஆனால் வறுமை, பசி, கூலி மோசடி போன்ற சமூகத் துன்பங்களைத் தீர்க்கத் திறந்த கணக்கு உதவ வேண்டுமானால், எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று கேட்டாக வேண்டும். ‘இந்த ஊராட்சியில் ரஸ்தா வேலைக்கு இத்தனை லட்சம் ரூபாய் செலவாயிற்று’ என்று அச்சிட்டால், அதை மெய்யென்றோ பொய்யென்றோ சொல்லக்கூடியவர் அந்த ஊரில் ஒருவருமில்லை. ‘இன்னார், இந்த ரஸ்தாவில், இத்தனை நாள் மண் வெட்டி, இவ்வளவு கூலி பெற்றார்’ என்று எழுதிப் பாருங்கள். ஊரே சாட்சி சொல்ல வந்துவிடும்.

இது வெறும் அனுமானமன்று. ராஜஸ்தானத்தில் நடந்து காட்டிய காரியம். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை 1970-களில் ராஜிநாமாச் செய்த ஸ்ரீமதி அருணா ராயும் அவருடைய சகாக்களும் 1990-ல் ராஜசமந்த் பகுதியில் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். பஞ்சம் பிழைக்க நடந்த சர்க்கார் வேலைகளில் கூலிக்காரர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், ‘நீங்கள் வேலை செய்யவில்லை என்று கணக்கிலிருக்கிறது’ என்ற பதில். கணக்கைக் காட்டச் சொன்னால், ‘அது சர்க்கார் ரகசியம்’ என்ற பதில். 1994 டிஸம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் முதல் பொது விசாரணை கூடியது. கைக்கெட்டிய மஸ்டர் ரோல்களையும் பில்களையும் ஊரார் முன்னிலையில் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. இத்தகைய விசாரணைகளில் செத்துப்போனவர்கள் கூலி வாங்கியிருப்பது வெளியாயிற்று; ஊரிலேயே இல்லாதவர்கள் மண் சுமந்திருப்பது வெளியாயிற்று. கூரை போடாத கட்டடம் ஏட்டில் பூர்த்தியாகி நின்றது. எழுத்தறியாத ஜனங்கள்தான் கணக்கைத் தணிக்கை செய்தார்கள். தம் பெயர் படிக்கப்படும்போது எழுந்து நின்று ‘நான் போகவில்லை, எனக்குத் தரவில்லை’ என்று சொல்வதற்கு எந்தப் பரீட்சையும் தேறியிருக்க வேண்டியதில்லையே!

அந்த விசாரணைகளுக்குப் பின்னர் கீழ் உத்தியோகஸ்தர்கள் தஸ்தாவேஜுகளைக் காட்ட மறுத்ததும், 1996-ல் பியாவர் நகரத்தில் 40 நாள் சத்தியாக்கிரகம் நடந்ததும் நேயர்கள் அறிந்ததே. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதே அவர்களுடைய கோஷம். 2000-ல் ராஜஸ்தானத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2005-ல் தேசம் முழுவதற்கும் வந்தது. அதே வருஷம் நிறைவேறிய கிராம வேலை உத்தரவாதச் சட்டத்தில், கிராம சபையே கணக்கைச் சோதிக்கும் சமூகத் தணிக்கை கட்டாயமாக்கப்பட்டது. சில இடங்களில் கூலிக்காரர் பெயர், நாள், தொகை எல்லாவற்றையும் ஊர்ச் சுவரிலேயே எழுதி வைத்தார்கள். கம்ப்யூட்டரும் மின்சாரமும் வேண்டாத இந்தச் சுவரைப்போல் திறந்த ஏடு வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. அந்த வேலைச் சட்டத்தின் ஸ்தானத்தில் 2025 டிஸம்பரில் பார்லிமெண்டு வேறொரு சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் மாறினாலும் கணக்குக் கேட்கும் பாத்தியதை மாறுவதற்கில்லை.

இப்போது ஆபத்து வந்திருப்பது பெயருக்குத்தான். 2005-ம் வருஷத்துத் தகவல் சட்டத்தின் 8-வது பிரிவில் ஒரு ஷரத்து இருந்தது. பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்த விஷயங்களையும், ஒருவருடைய அந்தரங்கத்தில் அனாவசியமாகத் தலையிடும் விஷயங்களையும் கொடுக்க வேண்டியதில்லை. பொது நன்மைக்கு அவசியமானால் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். பார்லிமெண்டுக்கோ ராஜ்ய சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கலாகாது என்ற வாசகமும் அதோடு இருந்தது. வக்கீல் தொழிலில் பழகியவர் என்ற முறையில் சொல்லுகிறோம்: இவ்வளவு நிதானமாக எழுதப்பட்ட ஷரத்துகள் நமது சட்டப் புஸ்தகங்களில் அதிகமில்லை. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-வது பிரிவு அதை முழுவதும் எடுத்துவிட்டு, தனிநபர் சம்பந்தமான தகவல் என்றால் மறுக்கலாம் என்று இரண்டொரு சொற்களில் முடித்துவிட்டது. 2025 நவம்பரில் இது அமுலுக்கும் வந்துவிட்டது.

சர்க்கார் தரப்பில் சொல்லப்படும் சமாதானம், 8-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் இருக்கிறது. பொது நன்மை பெரிதானால் அதன்படி தகவல் தரலாம் என்பது. உண்மையே. ஆனால் ‘தரலாம்’ என்பது ‘தரவேண்டும்’ ஆகாது. முன்பு, மறுக்கும் அதிகாரி அந்தரங்கம் எப்படிக் கெடுகிறது என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது கேட்கும் கூலிக்காரர் பொது நன்மை இருப்பதை நிரூபிக்க வேண்டும். மஸ்டர் ரோலில் பெயரைத் தவிர வேறென்ன இருக்கிறது? பெயரை மறைத்து எண்களை மட்டும் கொடுத்தால், பேரிங் துரையின் 27 ரூபாய் மறுபடி நம் கைக்கு வந்து சேரும்.

அந்தரங்கத்தைப் பற்றிய கவலை போலியானதென்று நாம் சொல்லவில்லை. அது அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தது சரியே. அதே வருஷத்தில்தான், சுமார் 210 சர்க்கார் வலைத்தளங்களில் சகாயம் பெறுவோரின் பெயர்களோடு ஆதார் எண்களும் வெளியாகியிருந்த லட்சணம் அம்பலமாயிற்று. ஒருவருடைய நோய், பாங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவை ஊர்ச் சுவருக்குரியவை அல்ல. பொதுப் பணத்தில் யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது ஊர்ச் சுவருக்குரியது. இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினமான வித்தையன்று; பழைய ஷரத்து அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அஜாக்கிரதையாக ஆதார் எண்ணை வெளியிட்டவர்களே இப்போது அந்தரங்கத்தின் பெயரால் மஸ்டர் ரோலை மூடுவதென்றால், அதைப் பிரஜைகளின் மீதுள்ள பரிவு என்று நம்புவது சிரமம்.

எடுக்கப்படாத கணக்கைத் திறப்பதற்கும் வழியில்லை என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறோம். 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிராமங்களில் நூற்றுக்கு 75 பேருக்கும் பட்டணங்களில் 50 பேருக்கும் மலிவு தானியம் உரியது. நூறு யாரென்று சொல்லுவது ஜனத்தொகைக் கணக்கு. 2021-ல் எடுக்கவேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. 2011-ன் எண்ணே அளவுகோலாக நின்றது. அதனால் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் விடுபட்டிருப்பதாக ஜான் ட்ரேஸ், ரீத்திகா கேரா என்ற பொருளாதார நிபுணர்கள் 2020-ல் மதிப்பிட்டார்கள். புதிய கணக்குக்கு 2027 மார்ச் 1-ந் தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. பசிக்கும் வயிறு அதுவரை எந்தப் பட்டியலில் இருக்கும் என்று கேட்பாரில்லை.

தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதன்முதலாக 1997-ல் சட்டம் செய்தது தமிழ்நாடு. அதில் விதிவிலக்குகள் மலிந்திருந்ததால் அது பெயரளவில் நின்றுவிட்டது. ராஜஸ்தானத்துக் கூலிக்காரர்கள் நம்மை முந்திக்கொண்டார்கள். ஆனாலும் நம்மிடம் ஒரு சாதனம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு தினங்களில் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூட வேண்டும். பல ஊர்களில் ஏற்கெனவே எழுதிவைத்த தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். நம் தேசபக்த இளைஞர்கள் அடுத்த கிராம சபைக்கு அரை மணி முன்னதாகவே போய், கூலி கொடுத்த கணக்கைப் பெயர் பெயராக வாசிக்கச் சொல்லட்டும். தொகையை மட்டும் படித்து நிறுத்தினால் உட்கார்ந்தபடியே மறுபடியும் கேட்கட்டும். அப்படியும் வாசிக்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதையே அன்றைய நடவடிக்கைப் புஸ்தகத்தில் எழுதச் சொல்லி, அதன் நகலை நமக்கு அனுப்பட்டும். பிரசுரிக்க இடம் ஒதுக்குகிறோம்.