பழைய பேசும் பெட்டிகள்

பழைய வீணைக்கு மதிப்பு உண்டு. பழைய புளிக்கும் மதிப்பு உண்டு. ஆனால் எண்பது வருஷத்துக்கு முந்திய ரேடியோப் பெட்டி ஒன்றை, அதுவும் வாய் பேசாமல் கிடப்பதை, கைநிறையப் பணம் கொடுத்து வாங்கி வந்தால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? அமெரிக்காவில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பலர் இந்தக் காரியத்தைத்தான் செய்து வருகிறார்கள். இது வெறும் பித்தா, அல்லது நாமும் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தையா என்று சற்று விசாரிப்போம்.

அவர்கள் பெரிதும் விரும்பித் தேடுவது பி.ஸி. 611 என்ற கைப்பெட்டி. 1940-ல் கால்வின் கம்பெனியில் டான் மிட்செல் என்பவரின் தலைமையில் உருவானது. அந்தக் கம்பெனிதான் 1947-ல் மோட்டொரோலா என்று பெயர் பூண்டது. பெட்டியின் எடை ஐந்து ராத்தல். உள்ளே ஐந்து வால்வுகள். இதைத் திறக்கத் தனி விசை கிடையாது. ஏரியல் கம்பியை மேலே இழுத்தால் பெட்டி விழித்துக் கொள்ளும். பக்கத்துக் கட்டையை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். தரையில் சுமார் ஒரு மைல், கடல்மீது மூன்று மைல் வரை குரல் எட்டும். யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய 1,30,000 பெட்டிகள் செய்யப்பட்டனவாம். எனவேதான் இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அகப்படுகின்றன. வால்வு இல்லாத டிரான்ஸிஸ்டர் பெட்டியை விரும்புகிறவர்கள் 1969-ல் வெளிவந்த எச்.டி. 220 என்பதை நாடுகிறார்கள்.

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? இந்தப் பெட்டிக்குப் பல் என்பது பாட்டரி அறை. மேலே பூசிய வர்ணத்தின் பளபளப்பில் மயங்கக் கூடாது. பழைய பாட்டரி உள்ளேயே கிடந்து கசிந்திருந்தால் உலோகம் அரித்துப் போயிருக்கும். அடுத்தபடியாக வால்வு, கம்பிச் சுருள், ஸ்படிகம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெறுங்கூட்டை விலைக்கு வாங்கிவிட்டு, உயிரைத் தனியாகத் தேடி அலைவது பெரிய கஷ்டம்.

வாங்கியவுடன் மின்சாரத்தைச் செலுத்திப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். அந்த ஆசையை அடக்குவதே இந்த வித்தையின் முதல் பாடம். பழைய காகிதக் கண்டென்ஸர்கள் காலப்போக்கில் மின்சாரத்தை ஒழுக விடும். அவற்றை முதலில் மாற்ற வேண்டும். இந்தப் பெட்டிக்கு இரண்டு பாட்டரிகள்: வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட், தகட்டுக்கு 103½ வோல்ட். அந்தக் காலத்து உயர் வோல்ட் பாட்டரி இப்போது கிடையாது. அதற்குப் பதிலாக ஒன்பது வோல்ட் பாட்டரிகள் பன்னிரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 108 வோல்ட் கிடைக்கும். ஆனால் அந்த நூறு வோல்ட் தவறிப்போய் இழைக் கம்பியில் பட்டால், ஐந்து வால்வுகளும் ஒரே கணத்தில் அணைந்துவிடும். கை பட்டாலோ, நாம் துள்ளிக் குதிக்க நேரும்! பிறகு ஸ்படிகம். பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று. இரண்டுக்கும் 455 கிலோசைகிள் வித்தியாசம். அலைவரிசையை மாற்ற விரும்பினால் இரண்டையும் மாற்றிச் சுருள்களையும் பொருத்தமாக அமைக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இது ஏற்ற தொழில் அல்ல.

நமது தேசத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. சர்க்கார் பரீட்சையில் தேறி அமெச்சூர் உரிமம் பெற்றவரே வானில் பேசலாம். அதுவும் அமெச்சூர்களுக்கென்று ஒதுக்கிய அலைகளில் மட்டுமே. எச்.டி. 220 போன்ற பெட்டிகளுக்கு ஏற்ற இரண்டு மீட்டர் அலை நமக்கு 144 முதல் 146 மெகாசைகிள் வரை. பிறர் உபயோகித்த பெட்டியில் பழைய ஸ்படிகம் அப்படியே இருக்கலாம். அதை மாற்றாமல் பேசினால் போலீஸாரின் பேச்சிலோ, தீயணைப்போரின் பேச்சிலோ குறுக்கிட்டவர்கள் ஆவோம். நம்முடைய வேடிக்கை பிறர் உயிருக்கு உலையாகலாமா?

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். 1939-ல் யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் சர்க்கார் இந்திய அமெச்சூர்களின் ஒலிபரப்புக் கருவிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவிட்டது. அப்படியும் 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் பம்பாயில் இரகசியக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். நவம்பரில் போலீஸார் பிடிக்கும் வரையில் அது இடம் மாறி மாறிப் பேசியது. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, தற்செயலாகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த அமெச்சூர்களே ஜனங்களின் க்ஷேமத்தை வெளியுலகுக்குத் தெரிவித்தார்கள்.

எண்பது வயதுப் பெட்டி வெள்ளத்திலும் புயலிலும் நம்மைக் காப்பாற்றும் என்று நாம் சொல்லவில்லை. அதைத் திறந்து, பழுது கண்டு, மறுபடியும் பேச வைத்த கைகள் காப்பாற்றும் என்றுதான் சொல்கிறோம். கெட்டுப் போனதும் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது இப்போது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பரண்மேல் தூங்கும் பழைய ரேடியோ ஒன்று இருந்தால், அடுத்த விடுமுறையில் அதைக் கீழே இறக்கிப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கொடுங்கள். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவரையும் உட்கார வையுங்கள். ரேடியோ பாடினாலும் சரி, பாடாவிட்டாலும் சரி, குழந்தைகள் கற்றுக்கொண்டது வீண் போகாது.