கிளீவ்லன்டில் ஒரு வீடு: எங்கட முதல் முதலீடும் இன்னொருவரின் வாடகையும்



போன மாதம் லவாலில் ஒரு சாமத்திய வீடு. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்த பெரியம்மாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், போனில் ஒரு வீட்டுப் படம் காட்டினார். ஒஹாயோ மாநிலம், கிளீவ்லன்ட். இரண்டு தட்டு மரவீடு, புதுச் சாம்பல் நிறப் பெயின்ட், முன்னுக்கு ஒரு படிக்கட்டு.

"இது டேர்ன்-கீ பிள்ளை. வீடு திருத்தியாச்சு, வாடகைக்கு ஆளும் இருக்கு, பார்க்கிறதுக்குக் கம்பனியும் இருக்கு. சாவியைத் திருப்பினாக் காணும். மாசா மாசம் காசு வரும்."

"நீங்கள் போய்ப் பார்த்தனீங்களோ அண்ணா?"

"போய்ப் பார்க்க என்ன கிடக்கு? எல்லாம் வீடியோவில இருக்கு."

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "சித்தப்பா, உங்கட வீட்டின்ர பெறுமதி சும்மா நித்திரை கொள்ளுது. அதில ஒரு கிரெடிட் லைன் எடுத்தா, ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கலாம்."

அந்த வீட்டில் நாங்கள் ஐந்து பேர் நித்திரை கொள்கிறோம். அதை அங்கேயே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மடலை வாசிக்கிற உங்களில் பலரின் வீட்டிலும் இதே கதை நடக்குது என்று எனக்குத் தெரியும். வார இறுதி செமினார், வட்ஸ்அப் குழு, "முதல் முதலீடு", "இருந்து வாங்குற வருமானம்". எங்கட வயதுப் பிள்ளைகள்தான் இதை அம்மா அப்பாவுக்கு இங்கிலிஷில் இருந்து மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம்.

முதலில் வியாபாரத்தை விளங்கிக்கொள்வோம். ஒரு கம்பனி பழுதடைந்த வீட்டை மலிவாக வாங்கும். பெயின்ட் அடிக்கும், தரையை மாத்தும், ஒரு குடும்பத்தை வாடகைக்கு இருத்தும். பிறகு ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிற ஒருவருக்கு விலை ஏற்றி விற்கும். அந்த ஊரில் இருக்கிறவன் அந்த விலைக்கு வாங்க மாட்டான், அவனுக்குத் தெருவைத் தெரியும். விற்ற பிறகும் அதே கம்பனி அல்லது அதன் கூட்டாளி வீட்டை "பார்த்துக்கொள்ள" மாத வாடகையில் ஒரு பங்கு எடுக்கும். கூரை ஒழுகினால் திருத்துகிறவரை அனுப்புவதும் அவர்கள், பில்லை எங்களுக்கு அனுப்புவதும் அவர்கள். வீடு நட்டப்பட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை.

இப்ப கணக்கு. உதாரணத்துக்கு, வீடு 120,000 டொலர், முழுதும் கிரெடிட் லைனில். வாடகை 1,200. பராமரிப்புக் கம்பனிக்குப் பத்து வீதம் 120, சொத்து வரி 250, காப்புறுதி 100 என்று வைப்போம். கனடாவில் வங்கிகளின் பிரதான வட்டி 2021இல் 2.45 வீதம். அந்த வட்டிக்கு மாதம் 245 டொலர் போக, மிச்சம் 485. செமினாரில் காட்டுகிற கணக்கு இதுதான். 2023 ஜூலையில் அதே வட்டி 7.20 வீதம். வட்டி மட்டும் மாதம் 720. மிச்சம் 10 டொலர். இதில் ஒரு கொதிகலன் உடையவில்லை, ஒரு மாதமும் வீடு வெறுமையாகக் கிடக்கவில்லை, கனேடிய டொலரை அமெரிக்க டொலராக மாற்றும் செலவையும் சேர்க்கவில்லை. வட்டி பிறகு இறங்கினது உண்மை. ஆனால் திரும்ப ஏறாது என்று எழுதித் தர ஒருவரும் இல்லை. அதோட, அமெரிக்காவில் குடியிருக்காதவர் தேவையான பத்திரம் போடாவிட்டால், செலவைக் கழிக்க முதலே மொத்த வாடகையில் 30 வீதம் வரியாகப் பிடிபடும். கியூபெக்கில் இருக்கிற எங்களுக்கு வொஷிங்டன், ஒட்டாவா, கியூபெக் என்று குறைந்தது மூன்று இடத்துக்கு வரிக்கணக்கு.

"அது அமெரிக்கா, கனடாவில வாங்கினாப் பிரச்சினை இல்லை" என்று இன்னொரு மாமா சொன்னார். 2024 ஜனவரியில் பதினொரு கம்பனிகள் கடன்காரரிடம் இருந்து பாதுகாப்புக் கேட்டு ஒன்ராறியோ நீதிமன்றத்துக்குப் போயின. சட்பரி, டிம்மின்ஸ், சூ செயின்ட் மரி போன்ற வடக்கு ஊர்களில் 400க்கும் மேற்பட்ட வீடுகள், சுமார் 144 மில்லியன் டொலர் கடன். வாங்கு, திருத்து, வாடகைக்கு விடு, மறுபடி அடகு வை, திரும்ப வாங்கு என்பதுதான் அவர்களின் முறை. கடன் கொடுத்தவர்களில் பலர் ஓய்வூதியச் சேமிப்பையும் வீட்டுக் கிரெடிட் லைனையும் எடுத்துப் போட்ட சாதாரண ஆட்கள், அண்ணாவைப் போல, அப்பாவைப் போல. வட்டி ஏறினதும் சக்கரம் நின்றுவிட்டது.

இவ்வளவும் எங்கட காசைப் பற்றி. இதோடு நிறுத்தினால் இது வங்கி ஆலோசகர் சொல்கிற புத்திமதிதான். எனக்குச் சண்டை வேறு இடத்தில்.

அந்தச் சாம்பல் நிற வீடு ஏன் மலிவு? 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களை வரைபடம் போட்டு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. அங்கே கடன் கொடுப்பது ஆபத்தாம். கிளீவ்லன்டும் அப்படிக் குறிக்கப்பட்ட நகரம். பிறகு தொழிற்சாலைகள் போயின. 1950இல் 9 லட்சத்துக்கு மேல் இருந்த சனம் 2020இல் 3.7 லட்சம். பிறகு அதே பகுதிகளில் கடும் வட்டிக் கடனைத் திணித்தார்கள். 2008இல் 21 வங்கிகள்மேல் வழக்குப் போடுமளவுக்கு நகரசபை போனது. பறிபோன வீடுகள் குவிந்து, விலை விழுந்து, வெளியூர் முதலீட்டாளர் வந்தார்கள். வீடு பழுதானால் ஆளைப் பிடிக்க முடியாமல் களைத்து, வெளிமாவட்டச் சொந்தக்காரர் உள்ளூரில் பொறுப்பான ஒரு ஆளைப் பெயர் குறித்து வைக்கவேண்டும் என்று கிளீவ்லன்ட் நகரசபை 2024இல் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் யாரைக் குறித்து எழுதப்பட்டது? அண்ணாவைக் குறித்து. அப்பா கையெழுத்து வைத்தால் அப்பாவைக் குறித்தும்தான்.

எங்களுக்கு இது தெரியாத கதையா? நான் வளர்ந்தது பார்க் எக்ஸில், ஒரு நாலரையில். 2016இல் கட்டடத்தை ஒரு நம்பர் கம்பனி வாங்கியது. சொந்தக்காரர் வேறு மாகாணத்தில், நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. அந்த ஜனவரியில் ரேடியேற்றர் குளிர்ந்து கிடந்த பதினொரு நாளும் அம்மா அடுப்பு அவனைத் திறந்துவிட்டு எங்களைக் குசினியில் படுக்க வைத்தா. போன் எடுத்தால் குரல் அஞ்சல். அடுத்த கோடையில் "பெரிய திருத்தம்" என்று ஒரு கடிதம். ரெஜிக்குப் போகலாம், வாடகை ஒப்பந்தம் எங்களைக் காக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா 3,000 டொலரை வாங்கிக்கொண்டு கையெழுத்து வைத்தார். மூன்று தெரு தள்ளி, குடியிருப்பாளர் உரிமைக்காக 1986இல் இருந்து இயங்குகிற பார்க் எக்ஸ்டென்ஷன் நடவடிக்கைக் குழு இருந்தது. எங்களுக்கு அது தெரியாது. பிறகு 2019இல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழக வளாகம் திறந்தது. பழைய அயலவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று எண்ண ஒரு கை காணும்.

தூரத்தில் இருந்து சொத்து வைத்திருப்பது தமிழருக்குப் புதுசும் இல்லை. பர்மாவின் நெல்வயல்களில் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் விவசாயி கடனைக் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 வீதத்தில் இருந்து 1938இல் சுமார் 25 வீதம் ஆனது. நிலம் பிடுங்குவது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை, வட்டிதான் தேவை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். சரி. நிலம் போன பர்மியருக்கு அந்த வித்தியாசம் என்ன உதவி செய்தது?

இலங்கையில் 1973இல், இடதுசாரி அமைச்சர் பீட்டர் கெனமன் காலத்தில், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு போட்டு, மேலதிக வீட்டை அதில் குடியிருந்தவரே வாங்க வழி செய்தது. அதே அரசுதான் 1972 அரசியலமைப்பையும் தரப்படுத்தலையும் எங்கள் தலையில் கட்டியது, அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் வீடு என்பது குடியிருக்கிறவருக்கு என்ற கதை எங்கட மண்ணில் சட்டப் புத்தகம்வரை போன கதை. வெள்ளைக்காரப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து நான் அவிழ்த்துவிடுகிற கதை இல்லை.

இப்ப உங்கட மறுமொழி எனக்குக் கேட்குது. "உன்ர அப்பாவுக்குப் பென்ஷன் இருக்கோ?" இல்லை. இருபத்திரண்டு வருசம் தொழிற்சாலையில் நின்றவர். படிப்பை இந்த நாடு கணக்கெடுக்கவில்லை. அம்மம்மாவின் மயிலிட்டி வீடு 1990இல் இராணுவத்திடம் போய், 2017இல் நிலம் மட்டும் திரும்பி வந்தது. வீடு இழந்த சனம் வீட்டைத் தவிர வேறு எதையும் நம்பாது. அந்தப் பயத்தை நான் நக்கலடிக்க வரவில்லை. என் முதல் டிகிரிக்கான காசில் பாதி எங்கள் பேஸ்மென்டில் இருக்கிற ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் வாடகை. சுத்தமான கை எனக்கும் இல்லை.

ஆனால் பேஸ்மென்டில் குளிர்ந்தால் அவர்கள் மேலே வந்து கதவைத் தட்டுவார்கள், அப்பா கீழே போவார். டேர்ன்-கீயில் விற்கப்படுவது அந்தக் கதவு இல்லாத நிலைமை. "நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றால், நீங்கள் ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று அர்த்தம். பயத்துக்கு மருந்து எங்களைப் போல இன்னொரு குடும்பத்தைக் குளிரில் விடுவது என்றால், அந்த மருந்து எனக்கு வேண்டாம்.

ஆகவே மூன்று விசயம். ஒன்று, வீட்டில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். "முதலாளித்துவம்" என்று தொடங்கினால் அப்பா ரீவியைப் போடுவார். "10 டொலர்" என்று தொடங்கினால் கேட்பார். இரண்டு, எங்கட கோடை விழாவுக்கு வெளியூர் வீடு விற்கிறவர்களின் அனுசரணை வேண்டாம் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன். காசு குறையும், தெரியும். கொத்துரொட்டி விற்றுச் சேர்ப்போம். மூன்று, வேறு வழியை நாங்களே காட்டவேண்டும். இந்த நகரத்திலேயே மில்ட்டன்-பார்க்கில், இடிக்க வந்த கட்டட முதலாளிகளோடு 1960களின் கடைசியில் தொடங்கிய சண்டையில் இருந்து 600க்கும் மேற்பட்ட வீடுகள் கூட்டுறவாகவும் லாபநோக்கற்றும் நிற்கின்றன. அங்கே வீட்டை வைத்துச் சூதாட முடியாது. கியூபெக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் கூட்டுறவுகள் இருக்கின்றன. சீட்டுப் பிடித்து ஒருவரை ஒருவர் நம்பிப் பழகின எங்கட சனத்துக்கு அது விளங்காத விசயம் இல்லை. அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்க ஒரு பட்டறை செய்வோம். மொழிபெயர்க்க, கணக்குப் போட, தேநீர் ஊற்ற ஆள் வேணும். இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்.

அண்ணா இந்த ஞாயிறு பத்திரங்களோடு வீட்டுக்கு வாறாராம். அம்மா இடியப்பம் அவிக்கிறா. நான் மேலே எழுதின கணக்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா அதை ரெண்டுதரம் வாசித்தார், ஒண்டும் சொல்லேல்லை. கையெழுத்து இன்னும் வைக்கேல்லை.