தானே புயலை விலக்கலாமா?

மாணவர்களே! கடலூர், சிதம்பரம் கரையோரத்தில் புயல் எந்த நாளில் வரக்கூடும்? நம் பகுதியையொட்டிக் கரை கடந்த நான்கு புயல்களை எடுத்துக்கொள்வோம்: நிஷா (2008) நவம்பர் 27, தானே (2011) டிசம்பர் 30, நிவர் (2020) நவம்பர் 25 இரவு, ஃபெஞ்சல் (2024) நவம்பர் 30.

நாட்காட்டியை நீண்ட கோடாக வரைந்து, இந்நாள்களின் மேல் ஒரே அளவு மணலைக் குவிப்பதாகக் கொள்ளுங்கள். குவியல்கள் சேர்ந்த மேடுதான் புயலுக்கான வாய்ப்பைக் காட்டும் வளைகோடு. குவியலின் அகலம் எவ்வளவு? குறுகினால் ஊசிமுனைகள், மிக அகன்றால் எல்லா நாளும் ஒன்றுபோலத் தட்டை. கண்ணுக்கு அழகானதைத் தேர்வது சரியன்று என்பேன்.

ஒரு நாளை மறைத்து, மற்ற மூன்றால் மேடு அமையுங்கள். மறைத்த நாளில் மேட்டின் உயரம் என்ன? நான்கு நாள்களுக்கும் இவ்வாறு செய்து, உயரங்களைப் பெருக்குங்கள். பெருக்குத்தொகை மிக அதிகமாக வரும் அகலமே நமக்கு வேண்டியது. இதற்குக் குறுக்குச் சரிபார்ப்பு என்று பெயர்.

தானேயை மறைக்கும்போதுதான் சிக்கல். குவியல் ஒரு பக்கம் 30 நாளுக்கு மேல் பரவாவிட்டால் அங்கே உயரம் சுழி, பெருக்குத்தொகையும் சுழி! ஒற்றை நாள் அகலத்தை இப்படி இழுப்பது இம்முறையின் குறைதான். ஆகவே அதை விலக்கிவிடலாம் என்பர் சிலர். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது அந்தப் புயலில் அல்லவா? நான் விலக்க மாட்டேன். பழைய புயல்களின் நாள்களைத் தேடிச் சேர்ப்பேன்.