ஓர் 'எஸ்' எழுத்தும் ஒரு பிள்ளையின் தொழிலும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய நேர்முகப் பரீட்சையில், மொழித் திறனை மதிப்பிடுவதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள். மலையகத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை. கணக்கியலில் நல்ல பெறுபேறு. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். தந்தையின் தொழில் என்னவென்று கேட்டபோது, "மை ஃபாதர் வேர்க் இன் த எஸ்டேட்" என்றாள். நடுவில் அமர்ந்திருந்தவர் சிரித்துக்கொண்டு, "வேர்க்ஸ், வேர்க்ஸ்" என்று இரண்டு தடவை திருத்தினார். மற்றவர்களும் சிரித்தார்கள். அதன் பின்னர் அவளிடமிருந்து ஒழுங்காக ஒரு வார்த்தையும் வரவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

நான் சிரிக்கவில்லை. ஆனால் வாய் திறக்கவும் இல்லை. அந்த மௌனத்துக்கான பரிகாரமாகவே இதனை எழுதுகின்றேன்.

அந்தப் பிள்ளைக்கு அந்த 'எஸ்' ஏன் வரவில்லை? அறிவு போதாமையா? இல்லை. நமது வகுப்பறைகளில் பலகாலமாகச் சொல்லப்பட்டு வரும் விதியே பிழையானது. "எழுவாய் ஒருமையானால் வினையோடு எஸ் சேர்க்க வேண்டும்" என்று எழுதிப் போடுகின்றார்கள். அப்படியானால் 'ஐ' என்பது என்ன? 'நான்' என்பதைவிட ஒருமையான சொல் உலகில் உண்டா? ஆயினும் 'ஐ கோ' என்கின்றோமே தவிர 'ஐ கோஸ்' என்பதில்லை. ஒருவரைப் பார்த்துச் சொல்லும்போதும் 'யூ கோ' தான். ஹீ, ஷீ, இட் என்ற மூன்றுக்கும், அவற்றின் இடத்தில் வரும் ஒருமைப் பெயர்களுக்கும் மட்டுமே எஸ் வருகின்றது. அதுவும் நிகழ்காலத்தில் மட்டும். இறந்தகாலத்தில் 'ஐ வென்ட்', 'ஹீ வென்ட்' எல்லாம் ஒன்றே. ஆகவே விதி ஒருமையைப் பற்றியது மட்டுமன்று. படர்க்கை, ஒருமை, நிகழ்காலம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடவேண்டும்.

இதற்குள் இன்னொரு குழப்பம். 'புக்' என்பதோடு எஸ் சேர்ந்தால் பன்மை என்று பிள்ளை முதலில் படிக்கின்றது. அடுத்த ஆண்டு, அதே எஸ் வினையில் வந்தால் ஒருமை என்கின்றார்கள். 'ஹீ டஸ் நொட் கோ' என்னும்போது எஸ் துணைவினைக்குப் போய்விடுகின்றது என்பதை விளக்குவாரில்லை. 'டஸ் நொட் கோஸ்' என்று பிள்ளை எழுதினால் சிவப்பு மை மட்டும் பாய்கின்றது. 'ஹீ கேன்', 'ஹீ மஸ்ட்' என்பவற்றுக்கு எஸ் கிடையாது. தும்மியவரைப் பார்த்து ஆங்கிலேயன் 'காட் பிளெஸ் யூ' என்கின்றான், 'பிளெஸஸ்' என்பதில்லை. ஏனெனில் அது வாழ்த்து. நமது வியங்கோளைப் போன்றது. 'வாழ்க' என்பதை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதனை ஒரே நிமிடத்தில் விளங்கவைக்கலாம். எவர் செய்கின்றார்?

இந்த எஸ் ஏதோ தர்க்கத்தின் உச்சம் போலப் பேசுவோர் அதன் வரலாற்றையும் சற்றுப் பார்க்கவேண்டும். ஒரு காலத்தில் ஆங்கில வினையிலும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வேறு வேறு விகுதிகள் இருந்தன. 'தௌ' என்ற முன்னிலை ஒருமைக்கு 'கோவெஸ்ட்' என்ற வினை இருந்தது. படர்க்கைக்கு 'கோவெத்' என்பதே இலண்டன் பக்கத்து வழக்கு. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமம் இந்த 'எத்' விகுதியையே கையாண்டது. எஸ் என்பது வடபகுதி வழக்கு. அது தெற்கே இறங்கி, 17ஆம் நூற்றாண்டில் பொது வழக்கை வென்றது. ஏனைய விகுதிகள் உதிர்ந்தன; இந்த ஒன்று மட்டும் எஞ்சியது. இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியின் பழைய பேச்சுவழக்கில் அதுவும் கிடையாது. அங்கே 'ஹீ கோ' தான். தோட்டத்துப் பிள்ளை சொன்னால் பாமரத்தனம். நோர்ஃபோக் விவசாயி சொன்னால் வட்டார வழக்கு. இது என்ன நீதி?

'யூ' என்பதன் கதை இன்னும் சுவையானது. அது பன்மைச் சொல். மரியாதைக்காக ஒருவரைக் குறிக்க வந்து, 'தௌ' என்பதைத் துரத்திவிட்டது. ஒருவரைக் குறித்தாலும் பன்மை வினையைக் கைவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் படித்தவர்களே ஒருவரைப் பார்த்து 'யூ வொஸ்' என்று எழுதினார்கள். ஒருவர் என்றால் ஒருமை வினைதானே என்பது அவர்கள் கணக்கு. 1762இல் ரொபர்ட் லோத் தமது இலக்கண நூலில் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். 'யூ வேர்' நிலைத்தது. தர்க்கம் தோற்று வழக்கு வென்றது.

இது நமக்குப் புதிதா? யாழ்ப்பாணத்தில் 'நீர் எங்கே போகின்றீர்' என்று ஒருவரைத்தானே கேட்கின்றோம்? 'நீர்' பன்மையாக இருந்த சொல். 'அவர் வந்தார்' என்பதும் பலர்பால் வினையே. ஒருவரைப் பன்மையாற் சொல்வது வழக்கில் உள்ள உயர்வுச் சொல், இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியரே குறித்துவைத்தார். வழக்கை அவர் மறைக்கவுமில்லை, பழிக்கவுமில்லை. 'வழுவமைதி' என்றொரு கலைச்சொல்லே நம்மிடம் உண்டு. அத்தகைய மரபில் வந்த நாம், ஒருவரைக் குறிக்கும் 'தே' என்ற சொல்லோடு 'ஆர்' வருவதைக் கண்டு ஆங்கிலம் அழிந்தது என்று ஒப்பாரி வைக்கின்றோம். 'தே' அவ்வாறு ஒருவரைச் சுட்டுவது 14ஆம் நூற்றாண்டு முதலே உள்ள வழக்கு. ஆண், பெண் காட்டாத நமது 'அவர்' செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கின்றது.

இப்போது நமது பிள்ளைகளைப் பாருங்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ஆறு விகுதிகளைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே பிழையின்றிக் கையாளும் பிள்ளைக்கு ஒரே ஓர் எஸ் வராதா? பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா', 'எயா யனவா' என்று வினை மாறுவதேயில்லை. மலையாளத்திலும் இன்று வினைக்கு இட விகுதி கிடையாது. அவர்களை அறிவிலிகள் என்போமா? ஒவ்வொரு மொழியும் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடுகின்றது. அவ்வளவே.

அப்படியானால் எஸ் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆசிரியபீடத்தில் இருந்தபோது அத்தகைய பிழைகளை நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கின்றேன். இன்றும் திருத்துவேன். எழுத்துக்கு ஓர் ஒழுங்கு அவசியம். நான் எதிர்ப்பது விதியை அன்று; விதியைப் பிழையாகக் கற்பித்துவிட்டு, பிழைவிட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதை. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் 'கடுவ'. வாள் என்று பொருள். அரசியலமைப்பில் இணைப்பு மொழி என்று எழுதிவைத்திருக்கின்றோம். நேர்முகப் பரீட்சையில் வாளாக வீசுகின்றோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'அவன், அவள், அது: இம்மூன்றின் நிகழ்காலத்துக்கு மட்டும் எஸ்' என்று தமிழ் விகுதிகளின் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒரு பாடவேளை போதும். தேர்வாளர்களுக்கு இன்னொன்று. கணக்காளர் வேண்டுமென்றால் கணக்கைப் பாருங்கள்.

"மை ஃபாதர் வேர்க்" என்று அந்தப் பிள்ளை சொன்னபோது அவளுடைய தகப்பன் உழைக்கின்றார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் விளங்கியது. விளங்காமற் போனது அந்த உழைப்பின் பெறுமதி மட்டுந்தான்.