தண்ணீர் குடித்தால் ஆட்டம் கெடுமா?

"தண்ணி குடிக்காதடா, வயிறு பிடிச்சுக்கும். அப்புறம் ஓட முடியாது!"

கால்பந்து ஆட கிரவுண்டில் இறங்கும் மாணவன் முதலில் கேட்கும் பாடம் இதுதான். சீனியர் ஜூனியருக்குச் சொல்கிறார். அந்த ஜூனியர் சீனியரானதும் அடுத்தவனுக்குச் சொல்கிறான். வகுப்பில் டிரான்ஸ்பார்மரைப் பற்றிச் சொன்னால் "எப்படி சார்?" என்று எழுந்து கேட்கிற நாம், இதை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிடுகிறோம். கொஞ்சம் கேட்டுத்தான் பார்ப்போமே!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இன்ஜினைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை, பெரும்பகுதி வெப்பமாகிறது. மனித உடம்பும் அப்படித்தான். தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாகவும் உதையாகவும் மாறுகிறது. மீதி வெறும் சூடு. இன்ஜினுக்கு ரேடியேட்டர், நமக்கு வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. ஆவியானால்தான் உடம்பு ஆறும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் சட்டை தொப்பலாக நனைந்தும் சூடு தணியாமல் தவிப்பது இதனால்தான்.

ரேடியேட்டரில் தண்ணி இல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு, "ஓட்டி ஓட்டிப் பழக்கினா இன்ஜின் ஸ்ட்ராங் ஆயிடும்" என்று ஒருவன் சொன்னால் ஒர்க்ஷாப்பை விட்டே துரத்திவிட மாட்டோமா? அதையே ஒரு விளையாட்டு வீரனின் உடம்பைப் பற்றிச் சொன்னால் மட்டும் கைகட்டிக் கேட்கிறோம்!

வெயிலில் ஓடி ஆடும் ஒருவன் மணிக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்வையாக இழக்கலாம். உடல் எடையில் 2 சதவீதம் குறைந்தாலே ஆட்டம் தளரத் தொடங்கும். 60 கிலோ எடையுள்ளவனுக்கு அது 1.2 கிலோதான். நாடி படபடக்கும், பாஸ் தப்பும், கால் இழுக்கும். அதற்கு மேலும் விட்டால் தலைசுற்றல், பேச்சுக் குழறல், மயக்கம். வெப்ப மயக்கத்தில் உயிரே போகக்கூடும். வெயிலுக்கு உடம்பைப் பழக்க முடியும். பத்துப் பதினைந்து நாள் படிப்படியாக ஆடினால் பழகிவிடும். தாகத்துக்கு உடம்பைப் பழக்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் "மன உறுதி" என்ற பெயரில் பசங்களை வாட்டுகிறோம்.

வயிறு பிடிப்பது பொய்யா? முழுப் பொய்யில்லை. நா வறளும்வரை விட்டுவிட்டு ஒரே மூச்சில் அரை லிட்டரைக் கவிழ்த்தால் வயிறு குலுங்கத்தான் செய்யும். தப்பு தண்ணீரில் இல்லை, குடிக்கும் முறையில் இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் அளவு, சிறிது சிறிதாகக் குடித்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. அதற்காக வியர்வைக்கு மேல் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

தண்ணீர் மட்டும் போதுமா? ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குப் போதும். இரண்டு மணி நேரம் நீண்டால் போதாது. தசையில் கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் நம்முடைய பெட்ரோல் டேங்க். ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர் பெங்ட் சால்ட்டின் 1973-இல் கால்பந்து வீரர்களைப் பற்றி ஒரு உண்மையை எடுத்துக் காட்டினார். குறைந்த கிளைகோஜனுடன் ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த தூரமே கடந்தார்கள். அதிலும் சுமார் பாதித் தூரத்தை நடந்தே கடந்தார்கள்!

இப்போது நம்ம பசங்களைப் பாருங்கள். கிராமத்திலிருந்து காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடிப்பவன் சாப்பிடாமல் வருகிறான். மதியம் பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸ் காலி. நாலரைக்கு பிராக்டிஸ். டேங்க் காலியான வண்டியிடம் "ஏண்டா ஸ்பீடு இல்ல?" என்று கேட்கிறோம். வீட்டிலிருந்து குளுக்கோஸ் கொண்டுவர வசதியுள்ளவன் தப்பித்துக்கொள்கிறான். இல்லாதவனுக்கு "ஸ்டாமினா இல்லாதவன்" என்ற பட்டம்! டீமிலிருந்தும் நீக்கிவிடுகிறோம். என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். திறமையால் தோற்றால் பரவாயில்லை. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்காமல் ஒருவன் தோற்பது நியாயமா?

உடனே "கடையில விக்கிற கலர் பாட்டிலா கேக்குறீங்க?" என்பார்கள். இல்லை ஐயா! அந்த பாட்டிலின் கதை 1965-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே டாக்டர் ராபர்ட் கேட் குழுவினர் தங்கள் பல்கலைக்கழக அணிக்காகத் தண்ணீர், சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாம் கலந்து தயாரித்ததுதான் பின்னாளில் கேட்டரேடு ஆனது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும் என்பது அறிவியல். அதே அறிவியலை வைத்து 1971-இல் மேற்கு வங்காளத்தின் போன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹாலனோபிஸ் காலரா நோயாளிகள் எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றினார். அவர் கையில் இருந்ததும் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர்தான்.

நம்ம கிரவுண்டுக்கு இதோ கணக்கு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 60 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு, ஒரு எலுமிச்சம்பழம். இருபது லிட்டர் கேனுக்கு 1.2 கிலோ சர்க்கரை, 30 கிராம் உப்பு. அவ்வளவுதான்! இனிப்பைக் கூட்டினால் நல்லது என்று நினைக்காதீர்கள். சர்க்கரை 8 சதவீதத்தைத் தாண்டினால் வயிற்றிலிருந்து இறங்கத் தாமதமாகும். கோலா பானங்களில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதனால் ஆட்டத்தின் நடுவே அவை உதவாது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ள நண்பர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"ஆட்டத்தை நிறுத்தித் தண்ணி குடிச்சா வேகம் போயிடும்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014 ஜூன் 29, பிரேசிலின் போர்ட்டலேசா நகரம், உலகக் கோப்பைப் போட்டி. வெயில் தாங்காமல் நெதர்லாந்து - மெக்சிகோ ஆட்டம் இரண்டு பாதியிலும் தண்ணீருக்காக நிறுத்தப்பட்டது. இரண்டாவது இடைவேளையில் நெதர்லாந்து 0-1 எனப் பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் வான் கால் அந்த நேரத்தில் வீரர்களுக்குப் புதுத் திட்டம் சொன்னார். 88-ஆவது நிமிடம் ஸ்னைடர் ஒரு கோல், கடைசி நேரத்தில் ஹன்ட்லார் பெனால்டியில் ஒரு கோல். நெதர்லாந்து 2-1 என வென்றது! தண்ணீர் ஆட்டத்தைக் கெடுத்ததா, கொடுத்ததா?

ஆகவே நமது மாணவர் பேரவைக்கு என் கோரிக்கைகள்:

1. பயிற்சியில் இருபது நிமிடத்துக்கு ஒரு தண்ணீர் இடைவேளை கட்டாயம். அது யாரும் கெஞ்சிக் கேட்டு வாங்குவதாக இருக்கக் கூடாது.

2. குழாய் வைத்த இரண்டு கேன்கள் வேண்டும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சர்க்கரை - உப்பு பானம். ஆளுக்கு ஒரு பாட்டில். ஒரே டம்ளரில் எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கம் ஒழிய வேண்டும்.

3. ஓர் எடை மெஷின். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் என்று அவனவனுக்கே புரியும்.

4. ஏப்ரல், மே மாதங்களில் பயிற்சி வெயில் தாழ்ந்த பிறகுதான்.

ஜெர்சிக்கு நிதி ஒதுக்குகிறோம், கோப்பைக்கு ஒதுக்குகிறோம், பரிசளிப்பு விழாப் பந்தலுக்கும் ஒதுக்குகிறோம். விழாவுக்கு வரும் விருந்தினருக்குக் கூல்டிரிங்ஸ் உண்டு. ஓடி ஓடி அந்தக் கோப்பையைக் கொண்டுவந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் இல்லையா? பந்தும் வலையும் எப்படி விளையாட்டுச் சாமான்களோ, அப்படியே தண்ணீர் கேனும் ஒரு விளையாட்டுச் சாமான் என்று பேரவை முடிவெடுக்கட்டும். அடுத்த சீசனில் நம் அணி வெல்லுமோ தோற்குமோ, தாகத்தால் தோற்றது என்ற பேச்சு மட்டும் இனி வேண்டாம்!