மருத்துவமனைக்கு மட்டும் ஏன் இடம் கிடைப்பதில்லை?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த வார்டில் வேண்டுமானாலும் போய் ‘எங்கள் சேரிக்கு ஏன் இன்னும் ஆரம்ப சுகாதார நிலையம் வரவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நிதி இருக்கிறது, இடம்தான் கிடைக்கவில்லை’ என்பார்கள். அடுக்குமாடி கட்ட இடம் கிடைக்கிறது. கிடங்கு கட்டக் கிடைக்கிறது. கழிவுநீர் உந்துநிலையத்துக்கும் குப்பை கொட்டவும் சேரியை ஒட்டியே, யாரையும் கேட்காமல் கிடைக்கிறது. செவிலியர் உட்கார ஒரு மேசை போடத்தான் இடமில்லையாம்.

2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் என்ன சொல்கிறது? நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் கூடுமானவரை குடிசைப் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் அரை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறகு தமிழக அரசு 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை அறிவித்தது. அவற்றில் 500 மையங்கள் 2023 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டன. மாலையிலும் மருத்துவர் இருப்பார் என்ற ஏற்பாட்டை நாம் மனதார வரவேற்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை முடித்து வருகிறவர், ஒரு நாள் கூலியை இழக்காமல் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எழுதி வைத்த அந்த அரை கிலோமீட்டரை யார் அளந்து பார்க்கிறார்கள்?

சொந்த இடம் இல்லாதபோது வாடகைக் கட்டடம் தேடுவார்கள். அங்கேதான் சாதி தன் வேலையைக் காட்டும். முன்பணம் வரை பேசி முடித்த ஒரு வீட்டுக்காரர், ‘காலையும் மாலையும் அந்தத் தெரு ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்களா?’ என்று கேட்டுவிட்டுப் பின்வாங்கியதை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம். காசநோயாளிகள் வருவார்கள் என்று அவர் காரணம் சொன்னார். கடைசியில் கிடைத்தது வேறொரு தெருவில் ஒரு மாடி. நிறைமாதக் கர்ப்பிணியும் முட்டிவலிக்காரப் பாட்டியும் படியேற வேண்டும். சாய்தளம் கட்ட உரிமையாளர் விடமாட்டார். பஞ்சு போடும் மஞ்சள் பை வாசலில் இருந்தால் சண்டைக்கு வருவார். ஒப்பந்தம் முடிந்தால் தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு முறை முகவரி மாறும்போதும் பாதியில் மருந்தை விட்டவர்களின் கணக்கை யார் எடுப்பது?

நிலம் யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதிகளெல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கை நம் மக்களைப் பற்றியதுதான். குடிசை போட்ட மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததை அவர் எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் பிறகு என்ன ஆயின என்பதை இதைப் படிக்கும் தோழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பறித்தவர்களிடமே இன்று வாடகைக்குக் கேட்டு நிற்கிறது அரசு.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்துதான் பொதுச் சாலையும் கிணறும் அலுவலகமும் நமக்கும் உரியவை என்று அரசு ஆணையிட்டது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கியது. சரி, உள்ளே விட மறுத்தால் வழக்குப் போடலாம். மருத்துவமனையையே கொண்டுபோய்த் தூரத்தில் வைத்தால் எந்தப் பிரிவில் போடுவது?

‘சேரிக்குள் வைத்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள்’ என்பது அதிகாரிகள் தணிந்த குரலில் சொல்லும் அடுத்த காரணம். பொதுச் சேவையாம், பொதுவான இடத்தில் இருக்க வேண்டுமாம். ஊர்த் தெரு எப்போது ‘பொதுவான இடம்’ ஆயிற்று? ரேஷனுக்கும் பள்ளிக்கும் பேருந்துக்கும் தலைமுறை தலைமுறையாக நாம் அந்தப் பக்கம் நடந்தோமே. காய்ச்சல் வந்தால் அவர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் நடக்கட்டும். பூந்தமல்லிக்கு அருகே குத்தம்பாக்கத்தில் இளங்கோ ஊராட்சித் தலைவராக இருந்தபோது, ஒரு பாதியில் தலித் குடும்பமும் மறுபாதியில் பிற சாதிக் குடும்பமும் வாழும் இரட்டை வீடுகளைக் கட்டிக் காட்டினார். ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ முடிகிறவர்களுக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்வதா முடியாது?

2022இல் சென்னை, தாம்பரம், ஆவடி ஆகிய மூன்று மாநகராட்சிகளின் மேயர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எந்தச் சர்வே எண்ணில் கட்டடம் வரும் என்று குறிக்கும் பேனா அந்த நாற்காலியில் இருப்பவர் கையில்தான் இருக்கிறதா?

மாணவத் தோழர்களே, உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று கேட்டு வாங்குங்கள். வெறும் கோரிக்கை மனுவோடு போகாதீர்கள். மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ உங்கள் வார்டில் சொந்தமாக உள்ள நிலங்கள், பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்கள், புறம்போக்கு ஆகியவற்றின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வாடகைக் கட்டடம் என்றால் ஒப்பந்த நகலையும் கேளுங்கள்: எத்தனை ஆண்டு, தரைத்தளமா மாடியா, சாய்தளம் உண்டா. பிறகு சேரியின் கடைசி வீட்டிலிருந்து மையத்தின் வாசல் வரை கையில் டேப்போடு நடந்து அளந்து, அந்த மீட்டர் கணக்கைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.