அலங்கார மீனுக்கு உறைய வைத்த உணவு: ஒரு வாரத்துக்குரியதே போதும்

பதுளை, பசறை, ஹாலிஎலப் பகுதித் தோட்டங்களில் கப்பி முதலிய அலங்கார மீன்களை வளர்த்து விற்போர், அவற்றுக்குரிய உணவை வீட்டிலேயே தயாரித்து உறைய வைப்பின் கடைச் செலவைக் குறைக்கலாம். ஆயினும், ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் செய்து வைப்பது சிக்கனமன்று என்பதே எமது அபிப்பிராயம்.

குளிர் கிருமிகளை முற்றாக அழிப்பதில்லை. அவற்றின் பெருக்கத்தையே தடுத்து வைக்கிறது. மின்சாரம் நின்று உணவு இளகினால் அவை மீண்டும் பெருகும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை மறந்துவிடலாகாது. இளகியதை மறுபடி உறைய வைத்துக் கொடுப்பவர், ஒரு துண்டை மிச்சம் பிடிக்கப் போய்த் தொட்டி மீன் முழுவதையும் இழக்க நேரிடும்.

செய்முறை எளிது. உப்பிடாத மீனை அல்லது இறாலை அவித்து, முள்ளும் ஓடும் நீக்கி, அவித்த கீரையுடன் அரைத்துக்கொள்க. சில மீன்களின் பச்சை இறைச்சியில் விற்றமின் பி1ஐச் சிதைக்கும் பொருள் உண்டு. அவித்தால் அது செயலிழக்கும். விழுதில் சூடான ஜெலற்றின் கரைசலைக் கலந்து, பையிலிட்டு மெல்லிய தகடாகப் பரப்பி உறைய விடுக. அன்றாடம் வேண்டிய துண்டை மட்டும் ஒடித்தெடுத்து, இளகிய பின் கொடுக்கலாம். தேயிலை மலையில் மருந்து தெளித்த இடத்துக் கீரையைத் தொடவே வேண்டாம்.

நீர் குளிர்ந்தால் மீனின் உடலும் குளிர்ந்து, பசி குறையும். ஆகையால் மார்கழி, தை மாதங்களில் அளவைக் குறைத்து, சில நிமிடங்களில் தின்று தீர்ப்பதையே இடுக. மிஞ்சியதை உடனே அகற்றுக.